டிஜிட்டல் பியானோவில் டிரான்ஸ்போஸ்: பாடுபவரின் குரலுக்கு ஸ்கேலை நகர்த்துவது எப்படி

சி மேஜரில் ஒரு பாட்டை நன்றாக வாசிக்கப் பழகிவிட்டீர்கள். பாட வந்தவருக்குச் சரணத்தில் மேலே போகும்போது குரல் எட்டவில்லை. "கொஞ்சம் இறக்கி வாசிங்க" என்கிறார். மூன்று படி இறக்கி ஏ மேஜரில் வாசிக்கலாம். ஆனால் அப்போது மூன்று கருப்பு கீகள் உள்ளே வந்துவிடும், கோர்டுகள் எல்லாம் மாறும், விரல்கள் புதிய வழியைப் பழக வேண்டும். அதற்கு நாள் பிடிக்கும். அவருக்கோ இன்றைக்கே பாட வேண்டும். டிரான்ஸ்போஸ், அதாவது விரல்களை மாற்றாமல் ஒலியை மட்டும் ஏற்றி இறக்கும் பொத்தான், இந்த இடத்தில்தான் உதவுகிறது.

பாட்டின் ஸ்கேலைத் தீர்மானிக்க வேண்டியது தொண்டை, விரல் அல்ல. வாசிப்பவருக்கு வசதி என்பதற்காக எல்லோரையும் சி மேஜரில் பாட வைத்தால் நல்ல குரல்கூடக் கெட்டுத்தான் கேட்கும். ஆகவே இந்தப் பொத்தானை வாசிப்பவரின் சோம்பேறித்தனம் என்று பார்க்காமல், பாடுபவருக்குச் செய்யும் உதவி என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

இது இன்று வந்த யோசனையும் அல்ல. நம் ஊரில் ஸ்கேல் சேஞ்சர் ஆர்மோனியம் வெகு காலமாகப் புழக்கத்தில் இருக்கிறது. கீ வரிசை முழுவதையும் பக்கவாட்டில் நகர்த்தினால் அது வேறு ரீடுகளின் மேல் போய் உட்காரும், சுருதி மாறிவிடும். அமெரிக்க இசையமைப்பாளர் இர்விங் பெர்லின் பெரும்பாலும் எஃப் ஷார்ப் (எஃப்-க்கு வலது பக்கத்துக் கருப்பு கீ) ஸ்கேலில், கருப்பு கீகளை ஒட்டியே வாசித்தவர். மற்ற ஸ்கேல்களுக்குப் போவதற்கு, கீழே ஒரு நெம்புகோல் வைத்த பியானோவைப் பயன்படுத்தினார். அதில் ஒன்று இப்போது வாஷிங்டனில் உள்ள ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நெம்புகோல் செய்த அதே வேலையைத்தான் உங்கள் பியானோவில் ஒரு பொத்தான் செய்கிறது.

இந்தக் கட்டுரையில் விரல் அழுத்துவதைக் கீ என்றும், சுருதி அளவை மட்டும் கட்டை என்றும் எழுதுகிறேன். இரண்டையும் கட்டை என்றே சொல்வது வழக்கம்தான், ஆனால் இங்கே அது குழப்பிவிடும்.

என்ன நடக்கிறது?

பியானோவில் ஒரு கீயிலிருந்து அதை ஒட்டிய அடுத்த கீக்கு, வெள்ளையோ கருப்போ, உள்ள தூரம் ஒரு செமிடோன். பன்னிரண்டு செமிடோன் சேர்ந்தால் ஒரு ஆக்டேவ், அதாவது ஒரு ஸ்தாயி. டிரான்ஸ்போஸில் +2 என்று வைத்தால் எல்லா கீகளும் இரண்டு செமிடோன் மேலே ஒலிக்கும். சி-யை அழுத்தினால் டி கேட்கும், ஈ-யை அழுத்தினால் எஃப் ஷார்ப் கேட்கும். −3 என்று வைத்தால் சி-யை அழுத்தும்போது ஏ கேட்கும். விரல்கள் பழகிய இடத்திலேயே இருக்கும், ஒலி மட்டும் நகரும்.

இதோடு குழப்பிக்கொள்ளக்கூடியவை இரண்டு உண்டு. ஆக்டேவ் ஷிஃப்ட் என்பது பன்னிரண்டு பன்னிரண்டாகத் தாவும், ஸ்கேலை மாற்றாது. டியூனிங் என்பது ஒரு செமிடோனுக்கும் குறைவான நுண்ணிய மாற்றத்துக்கானது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

முதல் படி: உங்கள் கருவியில் அது எங்கே இருக்கிறது?

சில கீபோர்டுகளில் டிரான்ஸ்போஸ் என்று பெயர் போட்டே + − பொத்தான்கள் இருக்கும். திரையில் எண் தெரியும். இது எளிய வகை. அந்த இரண்டு பொத்தான்களையும் சேர்த்து அழுத்தினால் பல மாடல்களில் எண் 0-க்குத் திரும்பிவிடும்.

வேறு சிலவற்றில் ஃபங்ஷன் மெனுவுக்குள் போய்த் தேட வேண்டும். டிரான்ஸ்போஸ் என்ற வரிக்கு வந்து எண்ணைக் கூட்டிக் குறைக்கலாம்.

திரையே இல்லாத பியானோக்களில்தான் புதியவர்கள் திணறுவார்கள். அவற்றில் ஒரு பொத்தானைப் பிடித்துக்கொண்டே ஒரு கீயை அழுத்த வேண்டும். உதாரணமாக யமஹா பி-45-இல் கிராண்ட் பியானோ/ஃபங்ஷன் பொத்தானைப் பிடித்துக்கொண்டு நடு சி-யை அழுத்தினால் 0. நடு சி-க்கு மேலே எஃப் ஷார்ப் வரை ஒவ்வொரு கீயும் +1, +2 என்று +6 வரை. கீழே எஃப் ஷார்ப் வரை −1, −2 என்று −6 வரை. நினைவில் வைப்பது சுலபம்: சி எந்த சுரமாக ஒலிக்க வேண்டுமோ அந்த கீயை அழுத்துகிறீர்கள். கையேட்டைப் படிக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். யமஹா நடு சி-யை சி3 என்று எழுதும். பல நிறுவனங்கள் அதையே சி4 என்று எழுதுகின்றன.

எல்லைகளும் கருவிக்குக் கருவி மாறும். பி-45 இரு பக்கமும் 6 போகும். ரோலண்ட் எஃப்பி-30 −6 முதல் +5 வரை. இரு பக்கமும் 12 போகும் கருவிகளும் உண்டு. 6 போதும், ஏனென்றால் −6-லிருந்து +5 வரைக்குள் பன்னிரண்டு ஸ்கேலும் அடங்கிவிடும்.

இரண்டாம் படி: சோதித்துப் பாருங்கள்

போனில் ஒரு இலவச டியூனர் செயலியை இறக்கிக்கொள்ளுங்கள். டிரான்ஸ்போஸை 0-இல் வைத்து நடு சி-யை அழுத்தினால் திரையில் சி வர வேண்டும். வரவில்லை என்றால் முன்பு யாரோ மாற்றி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அப்புறம் +2 வைத்து அதே கீயை அழுத்துங்கள்; டி வர வேண்டும். −3 வைத்தால் ஏ. இதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. கோவிலிலோ சர்ச்சிலோ பள்ளி மேடையிலோ பலர் தொடும் கருவியில் உட்காரும்போது, முதலில் செய்ய வேண்டியது இந்தச் சோதனைதான்.

மூன்றாம் படி: பாடுபவரின் சுருதியைக் கண்டுபிடியுங்கள்

இதில் அவசரப்படாதீர்கள். பொத்தானை அழுத்துவது இரண்டு நொடி வேலை. எந்த எண் என்று முடிவு செய்வதில்தான் விஷயம் இருக்கிறது.

கர்நாடக இசை பயின்றவர் என்றால் கேள்வி சுலபம்: "எத்தனை கட்டை?" அவரே சொல்லிவிடுவார். 1 கட்டை என்றால் சி, 1½ சி ஷார்ப், 2 டி, 2½ டி ஷார்ப், 3 ஈ, 4 எஃப், 4½ எஃப் ஷார்ப், 5 ஜி, 5½ ஜி ஷார்ப், 6 ஏ, 6½ ஏ ஷார்ப், 7 பி. ஈ-க்கும் எஃப்-க்கும் நடுவில் கருப்பு கீ இல்லாததால் 3½ கட்டை என்று ஒன்று கிடையாது. ஆண்கள் பெரும்பாலும் 1 கட்டையை ஒட்டியும் பெண்கள் 5, 5½ கட்டையை ஒட்டியும் பாடுவார்கள். இது பொதுவாகச் சொல்வது. ஆளுக்கு ஆள் மாறும்.

நீங்கள் சி-யை ஸ வைத்துப் பாட்டைப் பழகியிருந்தால் கட்டைக்கு நேரான எண் இதுதான். இதை எழுதிப் பியானோவின் மேல் ஒட்டி வைத்துக்கொள்ளலாம்:

1 கட்டை: 0
1½ கட்டை: +1
2 கட்டை: +2
2½ கட்டை: +3
3 கட்டை: +4
4 கட்டை: +5
4½ கட்டை: +6 அல்லது −6
5 கட்டை: −5
5½ கட்டை: −4
6 கட்டை: −3
6½ கட்டை: −2
7 கட்டை: −1

கட்டைக் கணக்கு தெரியாதவர் என்றால் பாட்டின் உச்ச சுரத்திலிருந்து தொடங்குங்கள். பாட்டில் மிக மேலே போகும் இடம் எது? நீங்கள் பழகிய ஸ்கேலில் அது எந்த கீ? பல்லவியின் முதல் வரி வசதியாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்து ஸ்கேலை வைத்துவிடுவது பலரும் செய்வது. சரணத்தில் மேலே ஏறும்போதுதான் பாடுபவர் மாட்டிக்கொள்வார். ஆகவே உச்சத்தில் இருக்கும் அந்த ஒரு வரியை மட்டும் முதலில் பாடச் சொல்லுங்கள். முகம் சுளிக்காமல், கழுத்து நரம்பு புடைக்காமல் வருகிறதா என்று பாருங்கள். வரவில்லை என்றால் ஒவ்வொரு செமிடோனாக இறக்குங்கள். வந்ததும் மிகத் தாழ்ந்த வரியைப் பாடச் சொல்லுங்கள். அது காற்றாகப் போய்விட்டால் அதிகம் இறக்கிவிட்டீர்கள், ஒன்று ஏற்றுங்கள்.

ஒரு கணக்கு. பாட்டு சி மேஜரில் இருக்கிறது. கீழே நடு சி வரை இறங்குகிறது, மேலே அடுத்த ஸ்தாயி ஈ வரை ஏறுகிறது. பாடும் பெண்ணுக்கு மேல் சி வரைதான் வசதி. ஈ-யிலிருந்து சி-க்கு நான்கு செமிடோன், ஆக −4. இப்போது பாட்டு ஜி ஷார்ப்பில், அதாவது 5½ கட்டையில் கேட்கும். தாழ்ந்த சுரம் நடு சி-க்குக் கீழே உள்ள ஜி ஷார்ப்புக்கு வரும். பெரும்பாலான பெண் குரல்களுக்கு அது எட்டும். எட்டவில்லை என்றால் −3 வைத்து, உச்ச வரியில் ஒரு செமிடோன் மட்டும் சற்று முயன்று பாடச் சொல்லலாம்.

சபையாகவோ கூட்டமாகவோ பாடும்போது அளவுகோல் வேறு. பயிற்சி இல்லாத பலர் சேர்ந்து பாடும் பாட்டின் உச்சம், நடு சி-க்கு அடுத்த ஸ்தாயியின் டி-யைத் தாண்டாமல் இருந்தால் நல்லது. அதிகாலை வழிபாடு என்றால் இன்னும் ஒன்றோ இரண்டோ இறக்குவேன், தூங்கி எழுந்த தொண்டை மேலே ஏறாது. ஆனால் நான்கு குரலில் பாடும் பாடகர் குழு கூட இருந்தால் அளவுக்கு மீறி இறக்காதீர்கள். சபைக்கு வசதியாகும்போது பேஸ் பாடுபவர்களுக்குக் கீழ்ச் சுரங்கள் எட்டாமல் போய்விடும்.

நான்காம் படி: எண்ணைக் கணக்கிடுங்கள்

நீங்கள் பழகிய ஸ்கேல் சி-யாக இல்லாமல் வேறாக இருந்தாலும் கணக்கு ஒன்றுதான். விரல் வாசிக்கும் ஸ்கேலிலிருந்து காதில் கேட்க வேண்டிய ஸ்கேல் வரை எத்தனை கீ என்று எண்ணுங்கள். கருப்பையும் சேர்த்து எண்ண வேண்டும், தொடங்கும் கீயை எண்ணக்கூடாது. வலது பக்கம் போனால் கூட்டல், இடது பக்கம் போனால் கழித்தல்.

ஜி-யில் பழகியது, ஈ-யில் வேண்டும்: எஃப் ஷார்ப், எஃப், ஈ. மூன்று கீழே, −3. ஏ மைனரில் பழகியது, சி மைனரில் வேண்டும்: ஏ ஷார்ப், பி, சி. மூன்று மேலே, +3. மேஜர் மேஜராகவே இருக்கும், மைனர் மைனராகவே இருக்கும். டிரான்ஸ்போஸ் அதைத் தொடாது.

எண் 6-ஐத் தாண்டினால் 12-இலிருந்து கழித்து மறுபக்கம் போங்கள். +7 என்றால் −5, +8 என்றால் −4. சுரங்களின் பெயர் அதேதான், ஸ்தாயி மட்டும் ஒன்று கீழே வரும்.

அந்த ஸ்தாயி மாற்றத்தைப் பலர் கவனிப்பதில்லை. −5 வைத்தால் உங்கள் இடது கையும் ஐந்து செமிடோன் கீழே போய்விட்டது. சி மேஜரில் அழகாகக் கேட்ட கோர்டு இப்போது அடியில் மண்டிப்போய்க் கேட்கும். அப்போது இடது கைக் கோர்டின் வடிவத்தை மாற்றி மேலே தூக்குங்கள். சி-ஈ-ஜி என்று கீழே பிடிப்பதற்குப் பதிலாக ஈ-ஜி-சி என்றோ ஜி-சி-ஈ என்றோ பிடியுங்கள். அல்லது இடது கையில் ஒற்றை பேஸ் சுரத்தை மட்டும் வைத்து, கோர்டை வலது கைக்குக் கொடுங்கள். அதே போல +5, +6 வைக்கும்போது வலது கை மெல்லிசாகக் கீச்சிட்டால், கையை ஒரு ஸ்தாயி கீழே நகர்த்திக்கொள்ளலாம்.

மற்றவர்களோடு சேர்ந்து வாசிக்கும்போது

யாராவது "என்ன ஸ்கேல்?" என்று கேட்டால் காதில் கேட்கும் ஸ்கேலைச் சொல்லுங்கள், விரல் ஸ்கேலை அல்ல. நீங்கள் சி வாசிக்கிறீர்கள், டிரான்ஸ்போஸ் −3. கிட்டார்காரரிடம் "ஏ" என்றுதான் சொல்ல வேண்டும். அவர் இரண்டாவது ஃபிரெட்டில் கேப்போ (கம்பிகளை அழுத்திப் பிடிக்கும் கிளிப்) போட்டு ஜி வடிவத்தில் வாசிப்பார், அதுவும் ஏ-யாகத்தான் ஒலிக்கும். இருவரும் தங்கள் விரலில் இருப்பதையே பேசிக்கொண்டிருந்தால் பாட்டு தொடங்கவே தொடங்காது.

மிருதங்கமோ தபலாவோ இருந்தால் சுருதியை முன்கூட்டியே சொல்லியாக வேண்டும். அவர்கள் பாடுபவரின் சுருதிக்குச் சேர்த்து வைத்திருப்பார்கள். 1 கட்டைக்கு ஏற்ற மிருதங்கத்தை 5 கட்டைக்கு இழுக்க முடியாது, வேறு மிருதங்கமே வேண்டும். உங்களுக்குப் பொத்தான் ஒரு நொடி வேலை, அவர்களுக்கு அப்படியில்லை. நாதஸ்வரம், புல்லாங்குழல் போன்றவை இருந்தால் அவற்றின் சுருதிக்கு நீங்கள்தான் போக வேண்டும்.

நோட்டேஷன் பார்த்து வாசிப்பவர்களுக்கு இன்னொரு பயன் உண்டு. பி ஃபிளாட் (ஏ ஷார்ப்பின் இன்னொரு பெயர்) டிரம்பெட், கிளாரினெட் ஆகியவற்றில், தாளில் சி என்று எழுதியது பி ஃபிளாட்டாக ஒலிக்கும். அவற்றுக்கு எழுதிய தாளை நீங்கள் அப்படியே வாசிக்க வேண்டுமானால் −2 வையுங்கள். ஆல்டோ சாக்ஸபோன் தாளுக்குச் சரியான எண் −9. உங்கள் கருவி 6 வரைதான் போகும் என்றால் +3 வைத்து, கையை ஒரு ஸ்தாயி கீழே வைத்து வாசியுங்கள்.

பாட்டின் நடுவில் மாற்றலாமா?

கடைசிச் சரணத்தை ஒரு செமிடோன் ஏற்றிப் பாடும் பாட்டுகள் நிறைய உண்டு. தனிப் பொத்தான் இருக்கும் கீபோர்டில், சரணத்துக்கு முந்தைய இடைவெளியில் +1 தட்டிவிடலாம். பெடலிலிருந்து காலை எடுத்து, பழைய சுரங்கள் அடங்கியதும் தட்டுங்கள். பல கருவிகளில் ஏற்கெனவே ஒலித்துக்கொண்டிருக்கும் சுரம் பழைய சுருதியிலேயே நீடிக்கும், புதிதாக அழுத்துவது புதிய சுருதியில் வரும். இரண்டும் மோதினால் கேட்கச் சகிக்காது. பொத்தானைப் பிடித்துக்கொண்டு கீயை அழுத்தும் வகைப் பியானோவில் இதை முயலவே வேண்டாம், இரண்டு கையும் வேண்டும். அந்த ஒரு சரணத்தை மட்டும் அடுத்த ஸ்கேலில் வாசித்துப் பழகுவதே மேல்.

எதெல்லாம் நகராது?

ரிதம் உள்ள கீபோர்டில் டிரம் ஒலிகள் நகராது. பேஸும் கோர்டும் உங்களோடு சேர்ந்து நகரும். புளூடூத் வழியாகப் போனிலிருந்து பியானோ ஸ்பீக்கரில் ஓடும் பாட்டு பொதுவாக நகராது. அதோடு சேர்ந்து வாசித்தால் உங்கள் சுருதி மட்டும் விலகிப் போகும். கணினியோடு மிடி (எந்த கீ அழுத்தப்பட்டது என்பதை அனுப்பும் இணைப்பு) வழியாக இணைத்துப் பதிவு செய்பவர்கள், நகர்ந்த சுரம் பதிவாகிறதா, விரல் அழுத்திய சுரம் பதிவாகிறதா என்று ஒரு சுரத்தை மட்டும் பதிந்து பாருங்கள். கருவிக்குக் கருவி இது மாறும். பதிவின்போது டிரான்ஸ்போஸை 0-இல் விட்டுவிட்டு, மென்பொருளில் ஸ்கேலை மாற்றுவது எனக்குப் பிடித்த வழி.

டிரான்ஸ்போஸ் போதாத இடம்

பழைய ஒலிநாடாவிலிருந்து எடுத்த பாட்டோடு வாசித்துப் பார்க்கிறீர்கள். +1 வைத்தால் கூடுதல், 0 வைத்தால் குறைவு. நாடா ஓடிய வேகத்தால் சுருதி இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. இதற்கு டியூனிங் வேண்டும். பியானோவின் இயல்பான அளவு ஏ 440 ஹெர்ட்ஸ். ஒரு செமிடோன் மேலே போனால் அது சுமார் 466, கீழே போனால் சுமார் 415. டியூனிங் மெனுவில் இந்த எல்லைகளுக்குள் சிறிது சிறிதாக நகர்த்தலாம். முதலில் டிரான்ஸ்போஸால் பக்கத்தில் கொண்டுவந்துவிட்டு, மிச்சத்தை டியூனிங்கால் சரிசெய்யுங்கள். வேலை முடிந்ததும் 440-க்குத் திரும்புங்கள். இதை மறந்தால் அடுத்த நாள் யாரோடு வாசித்தாலும் ஒட்டாது, காரணமும் சட்டென்று பிடிபடாது.

எப்போது தொடக்கூடாது?

பயிற்சியின்போது 0-இல் வையுங்கள். ஸ்கேல் பயிற்சி, நோட்டேஷன் படிப்பது, கிரேடு தேர்வுக்கான பாடம் எதற்கும் இது வேண்டாம். தேர்வில் எழுதிய ஸ்கேலில்தான் வாசிக்க வேண்டும். சாதாரணப் பியானோவில் இப்படிப் பொத்தானும் கிடையாது. பியானோ கற்கும் குழந்தைகளுக்குக் கண் பார்க்கும் சுரமும் விரல் தொடும் கீயும் காது கேட்கும் ஒலியும் ஒன்றாகப் பதிய வேண்டிய காலம் அது. அதில் குறுக்கிடாதீர்கள். சுரத்தைக் கேட்டவுடன் பெயர் சொல்லும் காது உள்ளவர்களுக்கும் இது மிகவும் தொந்தரவு தரும். விரல் சி என்கிறது, காது ஏ என்கிறது, கை தடுமாறிவிடும். அவர்கள் நேராக அந்த ஸ்கேலிலேயே வாசிக்கப் பழகுவதுதான் நல்லது.

மற்றவர்களும் சி ஒன்றிலேயே நின்றுவிடாமல் ஜி, எஃப், டி என்று ஒவ்வொன்றாகப் பழகுங்கள். நான்கு ஸ்கேல் கையில் இருந்தால் எண்ணை 2-க்கு மேல் கொண்டுபோக வேண்டியதே இல்லை. 5 கட்டைக்கு ஜி-யிலேயே 0 வைத்து வாசிக்கலாம், 5½ கட்டைக்கு ஜி-யில் +1 போதும், 3 கட்டைக்கு டி-யில் +2. இடது கை மண்டிப்போகும் பிரச்சினையும் வராது.

நிகழ்ச்சிக்கு ஒரு தாள்

பல பேர் பாடும் நிகழ்ச்சி என்றால் ஒத்திகையின்போதே ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: பாட்டு, பாடுபவர், விரல் ஸ்கேல், எண், கேட்கும் ஸ்கேல். ஐந்தும் ஒரே வரியில். கிட்டார்காரருக்கும் மிருதங்கக்காரருக்கும் கேட்கும் ஸ்கேலை மட்டும் எழுதிய நகல் கொடுங்கள்.

மேடையில் ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் எண்ணை மாற்றியதும், பாடுபவருக்கு ஸ-வை மெதுவாக ஒரு முறை வாசித்துக் காட்டுங்கள். எண் தவறாக இருந்தால் அங்கேயே தெரிந்துவிடும், அவருக்கும் சுருதி கிடைத்துவிடும். நிகழ்ச்சி முடிந்ததும் 0-க்குக் கொண்டுவந்துவிட்டு அணையுங்கள். பல கருவிகளில் அணைத்துப் போட்டால் தானாக 0-க்கு வந்துவிடும். ஆனால் கடைசியாக வைத்ததை நினைவில் வைத்திருக்கும் கருவிகளும் இருக்கின்றன. அடுத்து வந்து உட்காருபவர் உங்கள் −4-இல் தொடங்க வேண்டியிருக்கும்.